மாமா, தண்ணி சுடுதா?

மாமனார் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டதும் மாப்பிள்ளை எழுந்துவிட்டார். கையிலிருந்த செய்தித்தாளை அப்படியே சோபாவில் போட்டுவிட்டு, பூனைபோல் நடந்துபோய்க் கதவில் காதை வைத்தார்.

உள்ளே வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே, சுவரில் மாட்டியிருந்த ஹீட்டர் தன் கச்சேரியை ஆரம்பித்தது. முதலில் தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு கரகரப்பு. பிறகு, யாரோ தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவதுபோல் கடகடகட. கடைசியில் 'டொம்' என்று ஒரு அடி. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அமைதி. சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த அமைதியைத்தான் மாப்பிள்ளையால் தாங்க முடியவில்லை.

"மாமா!"

உள்ளே குவளை கீழே விழுந்து உருண்டது.

"என்ன மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல மாமா. சும்மாதான்."

கடகடகட.

"மாமா, ஆச்சா?"

"இப்பதானே உள்ளே வந்தேன்!"

"சரி மாமா. மெதுவா குளிங்க. ஆனா சீக்கிரம் வந்துடுங்க."

டொம்.

"மாமா!"

கதவு படாரென்று திறந்தது. மாமனார் தலையில் சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாக நின்றார். "அவசரம்னா முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா மாப்பிள்ளை? போங்க, போங்க. நான் வெளிய நிக்கறேன்."

வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஹீட்டருக்கு நேர் கீழே நிற்காமல் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். ஒன்றுமே செய்யாமல் கொஞ்ச நேரம் கழித்து, மாமனாருக்கு நம்பிக்கை வருவதற்காகத் தண்ணீரைத் திறந்து ஊற்றிவிட்டு வெளியே வந்தார்.

சாப்பாட்டு மேஜையில் அவர் தட்டில் மட்டும் வெண்ணெய் தடவாத காய்ந்த ரொட்டி இருந்தது.

"எனக்கு ஏன் இது?" என்று கேட்டார்.

"அப்பா சொன்னாரு. உங்களுக்கு வயிறு சரியில்லையாமே" என்றாள் மனைவி.

மாப்பிள்ளைக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்கிற வேலை. அவர் கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிற ரகமில்லை. "ஒருவேளை முதல்ல போட்டதுதான் நல்லா இருந்துச்சோ?" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அவர் கேள்விகளில் குழம்பி, கடைசியில் எழுத்துப் பலகையே தெரியவில்லை என்று சொல்லிவிடுவதுண்டு. கடையில் அவருக்குப் பெயரே 'ஒருவேளை' என்றாகிவிட்டது.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு ஹீட்டருக்கு வயதாகிவிட்டது. வீட்டுக்கு வந்த புதிதில் சத்தமாக இருந்தாலும் நல்லபடியாகத்தான் உழைத்தது. இப்போது கொஞ்ச நாளாகக் குழாயைத் திறந்தால் முதலில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வருகிறது. அடிப்பாகத்தில் துருக்கறை படர்ந்திருக்கிறது. அதிலிருந்து சொட்டு சொட்டாக ஒழுகுகிறது. கீழே வைத்த கிண்ணம் காலையில் நிரம்பியிருக்கிறது.

இதைக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவரிடம் சொன்னதுதான் மாப்பிள்ளை செய்த தப்பு.

"துருத் தண்ணி வருதா?" என்று கேட்டார் அவர்.

"வருது."

"கடகடன்னு சத்தம்?"

"ஆமா."

லென்ஸ் வெட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர்போல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க சித்தப்பா வீட்டுலயும் இப்படித்தான் ஆரம்பிச்சது. ஒரு நாள் காலையில ஹீட்டர் கிளம்பிப் போயிடுச்சு."

"கிளம்பிப் போயிடுச்சுன்னா?"

"கூரையைப் பிச்சுக்கிட்டு. எதிர்வீட்டு மொட்டை மாடியில துணி காயப்போட்டவங்க பார்த்தாங்களாம்."

"உங்க சித்தப்பா?"

"நல்லவேளை, அவர் குளிக்கிற பழக்கம் இல்லாதவர்."

அன்றே மாப்பிள்ளை மனைவியிடம் பேச்செடுத்தார். "இந்த ஹீட்டரை மாத்திடலாமா?"

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் காரணம் கேட்டுத்தான் ஒப்புக்கொள்வாள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் காரண காரியமெல்லாம் எடுபடாது. ஏனென்றால் அது அவள் அப்பா கொடுத்த ஹீட்டர்.

அவள் அப்பா, ஓட்டுநர் உரிமத்துக்கு ஆட்களைப் பரீட்சை பண்ணும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியில் பக்கத்தில் உட்காருவார், ஒரு வார்த்தை பேசமாட்டார். அவர் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே பலர் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்னாலேயே அவரிடம் தோற்றவர். பெண்ணைக் கொடுத்தாரே தவிர, லைசென்ஸ் கொடுக்கவில்லை. இப்போதும் மாமனார் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தால் மாப்பிள்ளையின் கை தானாக சீட் பெல்ட்டைத் தேடும்.

பாராட்டு, பரிசு, கொஞ்சல் இதெல்லாம் அந்த மனிதருக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர், இவர்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், வெகு தொலைவிலிருந்து ரயிலில் ஹீட்டரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். "உனக்குத்தாம்மா. வெச்சுக்கோ" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த ரயிலில் திரும்பிப் போனார். அன்றைக்கு அவள் அழுத அழுகை இன்னும் மாப்பிள்ளைக்கு ஞாபகமிருக்கிறது.

"எங்கப்பா வாழ்க்கையில எனக்குன்னு குடுத்த ஒரே பொருள் அது. அதுவும் உங்க கண்ணை உறுத்துதா?" என்றாள் மனைவி.

"கண்ணை உறுத்தலைம்மா. காதைத்தான். சத்தம் கேக்கலையா உனக்கு?"

"நீங்ககூடத்தான் குறட்டை விடறீங்க. உங்களை மாத்திட்டேனா?"

அந்த வாரமே மாமனார் வந்து இறங்கினார். கண்ணில் புரை இருக்கிறதா என்று பார்த்து, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு போவதாக ஏற்பாடு. மாமியார் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். வார முடிவில் இங்கே வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போவாள்.

ஆக, வெடிக்கப்போகிற ஹீட்டருக்குக் கீழே வாரம் முழுக்க மாமனார் குளிக்கப்போகிறார். அவருக்கு ஏதாவது ஆனால்? 'உங்கப்பா குடுத்த ஹீட்டர்தானே' என்று மனைவியிடம் சொல்ல முடியுமா?

காய்ந்த ரொட்டி தின்றதற்கு மறுநாள் காலை மாப்பிள்ளை எல்லோருக்கும் முன்னால் எழுந்து, அடுப்பில் பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் கொதிக்க வைத்தார்.

"மாமா, அடுப்புல காய்ச்சின தண்ணிதான் உடம்புக்கு நல்லதாம். நரம்பெல்லாம் முறுக்கேறுமாம். வாங்க, உங்களுக்காகவே போட்டிருக்கேன்."

மாமனார் பாத்திரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். "அப்படியா சொல்றீங்க?" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மனைவி சமையலறைக்குள் வந்தாள்.

"என்ன இது?"

"அப்பா குளிக்க."

"ஓஹோ! அப்பா வாங்கிக் குடுத்த ஹீட்டர் அங்க மலைமாதிரி நிக்குது. அதுல ஒரு வாளி தண்ணி பிடிச்சுக்கக்கூட அவருக்கு இந்த வீட்டுல உரிமை இல்லையா?"

"ஐயோ, அப்படியில்ல…"

"கரண்டு செலவாகுதா உங்களுக்கு? அப்படின்னா நேரா சொல்லுங்க. அப்பா, நீங்க வாங்க. ஹீட்டர் போட்டுட்டேன். ஆசை தீரக் குளிங்க."

அவள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரைத் துணி ஊறவைக்கும் தொட்டியில் கொட்டினாள். ஆவி பறந்தது. மாமனார் அந்த ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, நீளமாக ஒரு பார்வை பார்த்தார். அந்தக் காலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பார்ப்பாரே, அதே பார்வை. மறுபடியும் ஃபெயில் என்று மாப்பிள்ளைக்குப் புரிந்துபோயிற்று.

"ஹீட்டரே இருக்கட்டும்மா" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு மாமனார் குளியலறைக்குப் போனார்.

அன்று கடையில் மாப்பிள்ளை ஒரு அம்மாளுக்கு இடது கண்ணை மூடச் சொல்லிவிட்டு வலது கண்ணையும் மூடச் சொன்னார். யோசனை முழுக்க வீட்டில் இருந்தது. அந்த அம்மாள் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருக்க, அவருக்கு ஒரு வழி தோன்றியது.

ஹீட்டருக்குப் போகிற மின்சாரத்தைப் பிரேக்கரில் அணைத்துவிட்டால்? மாமனார் பச்சைத் தண்ணீரில் நடுங்கிக்கொண்டு வெளியே வருவார். 'ஹீட்டர் வேலை செய்யலைம்மா' என்று அவரே சொல்லுவார். 'அப்பாவே சொல்லிட்டாரே' என்று மாற்றிவிடலாம். பழியும் இல்லை, பயமும் இல்லை. இவ்வளவு சுலபமான விஷயம் இத்தனை நாள் தோன்றவில்லையே என்று தன்னையே கடிந்துகொண்டார். அந்த அம்மாளைக் கண்ணைத் திறக்கச் சொல்லவும் மறந்துவிட்டார்.

அடுத்த நாள் விடிந்ததும் முதல் வேலையாக வாசல் பக்கத்துப் பெட்டியைத் திறந்து பிரேக்கரை அணைத்தார். மனைவி வழக்கம்போல் குளியலறைக்கு வெளியே இருந்த சுவிட்சைப் போட்டு, "அப்பா, போட்டாச்சு!" என்று குரல் கொடுத்தாள். மாமனார் உள்ளே போனார். தண்ணீர் விழுந்தது. ஹீட்டர் வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்து, செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

மாமனார் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"எப்படி இருந்தது மாமா? தண்ணி சுடுதா?" செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பிரமாதம்!" என்றார் மாமனார். "சுடச்சுட! இந்த மாதிரி ஹீட்டரெல்லாம் இப்ப எவன் செய்யறான்?"

மனைவியின் முகம் பூவாக மலர்ந்தது. செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கியது.

மாப்பிள்ளை வாசலுக்கு ஓடினார். பிரேக்கர் அணைந்தேதான் இருந்தது. அப்படியானால் தண்ணீர் எப்படிச் சுட்டது?

ரப்பர் செருப்பும், பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறையும் மாட்டிக்கொண்டு, குளியலறைக்குள் போய் கண்ணை இறுக மூடிக்கொண்டு குழாயைத் திறந்தார். தண்ணீர் சில்லென்று வந்தது. மாமனார் குளித்தபோது கொதித்திருக்கிறது, இப்போது குளிர்கிறது!

விஷயம் லென்ஸ் வெட்டுகிறவரிடம் போயிற்று. வீட்டில் யாரிடம் சொல்வது?

"அணைச்ச பிறகும் சுடுதா?" அவர் குரல் தாழ்ந்தது. "அதுவும் சில நேரம் சுட்டு, சில நேரம் சுடாம? எப்பவும் இருக்கிற கோளாறுன்னா பயமில்ல. விட்டுவிட்டு வருது பாருங்க, அதுதான் ஆளைச் சாய்க்கும்."

"உங்க சித்தப்பா வீட்டுலயும் இப்படித்தானா?"

"அங்க இவ்வளவு மோசமில்ல."

அன்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டில் குளிப்பதை நிறுத்திவிட்டார். கடையின் பின்னால் இருந்த கைகழுவும் தொட்டியில் கழுத்துவரை கழுவிக்கொண்டார். தொட்டியின் உயரம் அவ்வளவுக்குத்தான் இடம் கொடுத்தது. பிரேக்கரை மறுபடியும் போடலாமா என்று யோசித்தார். அணைத்திருக்கும்போதே கொதிக்கிற ஹீட்டர், போட்டால் என்ன செய்யும்? போடவில்லை.

போடாததன் பலன் அன்று சாயங்காலமே தெரிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய மனைவி குளிக்கப் போனாள். உள்ளேயிருந்து ஒரு அலறல் வந்தது. பிறகு பல் கிட்டிப்போன குரலில், "பச்சைத் தண்ணி! பச்சைத் தண்ணி!" என்று கேட்டது.

ஈரத்தலையோடு வெளியே வந்தவள் நேராக வாசலுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"பிரேக்கரை யார் அணைச்சது?"

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அவர் முகமே சொல்லிவிட்டது.

"எப்ப அணைச்சீங்க?"

"காலையில. அப்பா குளிக்கிறதுக்கு முன்னால."

"அடப்பாவி மனுஷா! வயசானவரைப் பச்சைத் தண்ணியில குளிக்க வெச்சீங்களா? எங்கப்பாவுக்கு ஒரு வாளி சுடுதண்ணி ஊத்தக்கூட உங்களுக்கு மனசு வரலையா?" அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "அப்பா!"

மாமனார் தன் அறையிலிருந்து வந்தார்.

"அப்பா, இன்னிக்குக் காலையில பச்சைத் தண்ணியிலயா குளிச்சீங்க? உண்மையைச் சொல்லுங்க. இவருக்காக மறைக்காதீங்க."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து நின்றார். "என்னம்மா பேச்சு இது? நல்ல சுடுதண்ணியிலதான் குளிச்சேன். முதுகெல்லாம் சிவந்துபோச்சு."

மனைவி அப்படியே நின்றாள். அழுகை நின்று, அவளுக்குள்ளிருந்த கணக்கு டீச்சர் எழுந்து வந்தாள்.

"பிரேக்கர் அணைஞ்சிருக்கு" என்றாள்.

"ஆமா" என்றார் மாப்பிள்ளை.

"அணைஞ்சிருந்தா தண்ணி சுடாது."

"சுடாது."

"எங்கப்பா பொய் சொல்லமாட்டாரு."

"சொல்லவே மாட்டாரு."

"அப்படின்னா…" அவள் குளியலறைப் பக்கம் திரும்பினாள். "என்னங்க, வேற எங்கிருந்தோ அந்த ஹீட்டருக்குக் கரண்டு போகுது!"

"அதைத்தானே நான் காலையிலிருந்து மென்னு முழுங்கிட்டிருக்கேன்!"

பல நாளுக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்சியில் சேர்ந்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குளியலறைக் கதவைச் சாத்தி, முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுத் தடுத்தார்கள். மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "எனக்கு என்னவோ இதெல்லாம் சாதாரணமா படுது" என்று மட்டும் முனகிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

"எவ்வளவு தைரியம் பாருங்க" என்றாள் மகள்.

காலையில் மெக்கானிக் வந்தார். ஜலதோஷம் பிடித்தவர். தும்முவார், அல்லது, "சொல்ல முடியாதுங்க" என்பார்.

"இது இன்னும் எத்தனை நாள் தாங்கும்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"சொல்ல முடியாதுங்க. பல வருஷம் ஓடினாலும் ஓடும். நான் கையை எடுக்கறதுக்குள்ள போனாலும் போகும்."

மாப்பிள்ளை இரண்டடி பின்னால் நகர்ந்தார். "எப்ப மாத்தணும்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"

"குழாய் மூட்டுல ஒழுகினா மூட்டை இறுக்கிக்கலாம். தொட்டியே ஒழுகினா மாத்தறதைத் தவிர வேற வைத்தியம் இல்ல. ஆனா உங்களுக்கு அது பிரச்சினை இல்லைங்களே. அணைச்சாலும் சுடுதுன்னு சொல்றீங்க. சுட்டதை யார் பார்த்தது?"

எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். நடையில் தோளில் துண்டோடு நின்றிருந்தார்.

"ஐயா, நீங்க குளிச்சப்ப தண்ணி வெதுவெதுப்பா இருந்ததா, கொதியா?"

மாமனார் கண்ணிமைக்காமல், "கொதி" என்றார்.

"கையில சுர்ருனு ஏதாவது இழுத்துச்சா?"

மாமனார் மகளைப் பார்த்தார். மகள் அவரைத் தெய்வத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். "லேசா" என்றார்.

"போச்சு!" மெக்கானிக் ஒரு தும்மல் போட்டார். "அப்ப ஹீட்டர்மேல தப்பே இல்லைங்க. சுவத்துக்குள்ள ஒயரு எங்கயோ ஒட்டியிருக்கு. ஐயா பிழைச்சதே பெரிய விஷயம். சுவத்தை உடைச்சுப் பார்த்துடணும்."

"உடைங்க" என்றாள் மனைவி. "எங்கப்பா உயிரைவிடச் சுவரு பெரிசில்ல."

"உடைக்கணுமா?" என்றார் மாமனார். "நல்ல சுவராச்சேம்மா!"

யாரும் கேட்கவில்லை. மெக்கானிக் துளைபோடும் இயந்திரத்தை வைத்து அழுத்தினார். ஓடு உடைந்தது. சிமெண்ட் தூள் பறந்தது. ஒயரைக் காணோம். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். இந்தத் தடவை அவருக்கு ஒரு தும்மல் வந்தது. இயந்திரம் ஒரு துள்ளல் துள்ளி உள்ளே போயிற்று.

சுவரிலிருந்து தண்ணீர் கோல் மாதிரி நீட்டிக்கொண்டு வெளியே வந்து, எதிர்ச்சுவரில் மோதி, நாலு பேரையும் நனைத்தது.

"மூடுங்க! மெயினை மூடுங்க!" என்று கத்திக்கொண்டே மெக்கானிக் தன் உள்ளங்கையால் ஓட்டையை அடைத்தார். தண்ணீர் அவர் விரலிடுக்குகள் வழியாக நாலாபக்கமும் பாய்ந்தது. மாப்பிள்ளை ரப்பர் செருப்பு வழுக்க வழுக்க வாசலுக்கு ஓடி, மெயின் வால்வைத் திருகினார். பதட்டத்தில் முதலில் திறக்கிற பக்கம் திருகிவிட்டார். மெக்கானிக் ஒரு சத்தம் போட்டார். பிறகு மூடுகிற பக்கம் திருகினார்.

திரும்பி வந்தபோது வீடே குளமாகியிருந்தது. நடைவிரிப்பு மிதந்தது. மனைவி நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தாள். அந்தத் தண்ணீரின் நடுவே மாமனார் சொட்டச் சொட்ட நனைந்து, வாயைத் திறந்துகொண்டு ஹீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோலத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்குள் ஏதோ உடைந்தது. இத்தனை நாள் பயந்ததெல்லாம் இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான். கடைசியில், தானே அவரை மின்சாரம் பாய்கிற தண்ணீரில் குளிக்கவிட்டு, இப்போது வெள்ளத்திலும் நிறுத்தியாயிற்று.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த ஹீட்டர் எப்ப வெடிக்குமோன்னு எனக்கு உயிரே போகுது. கதவுகிட்ட நின்னு கூப்பிட்டேனே, அது அதனாலதான். அடுப்புல தண்ணி வெச்சதும் அதனாலதான். நீங்க ஆசையா குடுத்ததை மாத்தணும்னு சொல்ல வாய் வரலை. உங்க வாயாலயே சொல்ல வெக்கலாம்னு பிரேக்கரை அணைச்சேன். அதுல கரண்டு இப்படித் தறிகெட்டு ஓடும்னு எனக்குத் தெரியாது மாமா!"

மாமனார் நீளமாக ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை மாப்பிள்ளைக்குப் பழக்கமானதுதான். ஆனால் இன்றைக்கு அதில் கடுமை இல்லை.

"உங்களுக்கும் அதைப் பார்த்தா பயமா இருந்ததா மாப்பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரொம்ப மாமா."

மாமனார் ஒரு பெருமூச்சு விட்டார். ஈரக் கையை எடுத்து மாப்பிள்ளையின் தோளில் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை அந்தத் தோளில் படுவது இதுதான் முதல் தடவை. "கழட்டிடுங்க. இன்னிக்கே கழட்டிடுங்க."

"அப்பா! நீங்க எனக்குன்னு குடுத்தது…" என்று மகள் தழுதழுத்தாள்.

"இருக்கட்டும்மா. மாப்பிள்ளை நிம்மதியைவிட ஒரு பொருள் பெரிசா?"

நாற்காலிமேல் நின்றபடியே அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். மெக்கானிக்கும் மூக்கை உறிஞ்சினார். அது ஜலதோஷமா, நெகிழ்ச்சியா என்று சொல்ல முடியாது.

அன்றைக்கே ஹீட்டர் சுவரைவிட்டு இறங்கியது. இறக்கும்போது அடித்தகடு மெக்கானிக்கின் கையோடு அப்பளமாக நொறுங்கி வந்தது. உள்ளே தொட்டி முழுக்கத் துரு. அடியில் ஒரு கை அளவுக்குச் சுண்ணாம்புக் கட்டி. "நல்ல நேரத்துல மாத்தினீங்க" என்றார். "இல்லேன்னா என்ன ஆயிருக்கும்?" என்று மாப்பிள்ளை கேட்டார். "சொல்ல முடியாதுங்க."

புது ஹீட்டர் வந்தது. சுவரைப் பூசினார்கள். சத்தமே இல்லாமல் தண்ணீர் சுட்டது. மாப்பிள்ளை பயமில்லாமல் கழுத்துக்கு மேலேயும் கீழேயுமாக முழுசாகக் குளித்துவிட்டு, சோபாவில் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து நியூஸ் பார்த்தார். கை சீட் பெல்ட்டைத் தேடவில்லை.

பழைய ஹீட்டரை வீசிவிட மட்டும் மனைவி சம்மதிக்கவில்லை. துடைத்து, வரவேற்பறை மூலையில் ஒரு முக்காலிமேல் வைத்தாள். மேலே ஒரு பூச்செடி வைக்கப்போகிறாளாம். மாமனார் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பாவம், பார்க்க மனசு தாங்கவில்லை என்று இருவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

சொன்னபடி வார முடிவில் மாமியார் வந்தாள். வாசல் மணி அடித்ததும் மாமனார் துள்ளி எழுந்தார். சோபாவில் கிடந்த போர்வையை எடுத்துக்கொண்டு மூலைக்கு ஓடி, ஹீட்டரை மூடப் பார்த்தார். அவசரத்தில் போர்வை நழுவி முக்காலியின் காலடியில் விழுந்தது. அதற்குள் மாமியார் பையோடு உள்ளே வந்துவிட்டாள்.

"வாங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை. "மாமா குடுத்த ஹீட்டர். இத்தனை வருஷம் உழைச்சு, இப்பதான் ஓய்வு எடுத்துக்கிச்சு."

மாமியார் பையைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முக்காலியின் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள்.

"அடடே, இதுவா! வாங்கின மாசமே, சத்தம் போடுது, வெடிச்சிடும்னு நடுங்கிப்போய், உங்கப்பா எங்க வீட்டுச் சுவத்துலேருந்து கழட்டிக் கொண்டுவந்து உங்ககிட்டத் தள்ளிவிட்டதாச்சே! அந்தப் பயத்துல மனுஷன் அன்னையிலேருந்து இன்னிவரைக்கும் பச்சைத் தண்ணியைத் தவிர வேற எதுலயும் குளிச்சதே இல்லையே!"